தட்டருகே வைத்த சாவி

ஆப்ரிகாட் வாங்கும்போது முகர்ந்து பார்த்து வாங்காதீர்கள், மேடம். மத்தியான வெயிலில் பத்து நிமிஷம் வைத்தால் நாளைக்கு அழுகப்போகிற பழமும் மணக்கும். காம்பு இருந்த குழியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். மூக்கை ஏமாற்றலாம், விரலை ஏமாற்றுவது கஷ்டம். கரகோல் நகரச் சந்தையில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

தேநீருக்கு நன்றி. துர்குன் அண்ணனின் வழக்கைத் திரும்பக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று அவர் மகள் பெர்மெத் சொன்னாள். அவள் போட்ட மனுதானே. அப்பாவுக்கு ஒன்பது வருஷச் சிறை ரொம்ப அதிகம் என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதனால்தான் நீங்கள் ஆள் அனுப்பும் முன்பே நானாக வந்தேன். சொல்வதை வரிசையாகச் சொல்கிறேன், மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சின்ன ஆலை. ஏரியின் தெற்குக் கரை, ஒரு செம்புக் கொப்பரை, பதினொரு பீப்பாய், துர்குன் அண்ணன், நான் என்று இரண்டு கூட்டாளிகள். ஆப்ரிகாட் சாராயம் மட்டும்தான். காய்ச்சுவது அவர், விற்பது நான். ஆலைக்கு மூக்கு அவர், வாய் நான் என்று ஊரில் கேலி செய்வார்கள். வயிறு யார் என்று கேட்டால் இருவருமே கை தூக்குவோம்.

காய்ச்சுகிறவனுக்கு மூக்கு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொப்பரையிலிருந்து முதலில் சொட்டுவதைக் கீழே கொட்டிவிட வேண்டும், அது கெடுதல். கடைசியில் வருவதும் உதவாது. நடுவில் வருவதுதான் சரக்கு. எங்கே முதல் முடிந்து நடு தொடங்குகிறது என்பதை எந்தக் கருவியும் துர்குன் அண்ணன் மாதிரிச் சொல்லாது. இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்ப்பார், முகர்வார், "இப்போ பிடி" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் தலைநகரிலிருந்து ஆட்கள் மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டே எங்களிடம் வந்தார்கள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பதினைந்து நாளில் எழுந்துவிட்டார். எழுந்த வாரமே ஒருநாள் நான் ஆலைக்குள் நுழைந்தால் மூச்சு முட்டுகிறது. கொப்பரையின் அடியில் பழக்கூழ் தீய்ந்து கரியாகிக்கொண்டிருக்கிறது. அவர் அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு, ரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டு, "வாடா கப்பார். இன்னிக்கு அடுப்பு நம்ம சொல்பேச்சு கேக்குது பாரு" என்றார்.

நான் விறகை இழுத்து வெளியே போட்டேன். கால் தடுக்கி அடுப்பைக் கலைத்துவிட்டதாகச் சொன்னேன். "பொண்டாட்டி வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறியேடா" என்று திட்டினார்.

மூக்கு போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி இல்லாதவர். மகளிடமும் மறைத்தார். காய்ச்சுகிறவன் மூக்கை இழப்பது கழுகு வைத்து வேட்டையாடுகிறவன் கண்ணை இழப்பது மாதிரி. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? உள்ளங்கையில் தேய்ப்பார், முகர்கிற மாதிரி மூச்சை இழுப்பார், பிறகு கையை என் மூக்கருகே நீட்டி, "என்னடா, சரிதானே?" என்று விளையாட்டாகக் கேட்பார். கண் என் முகத்தில் இருக்கும். நான் முகம் சுளித்தால் காத்திருப்பார். சிரித்தால் "இப்போ பிடி" என்பார்.

இப்படி இரண்டு வருஷம் எங்கள் ஆலைக்கு என் முகம்தான் மூக்கு. அதை நான் பாசத்தோடு செய்தேன், மேடம். ஒரு மனுஷனின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பே தனி போதை. சரக்கும் கெடவில்லை. சந்தையில் வளர்ந்த முகம் சுமாரான வேலைக்காரன் அல்ல.

இப்போது ஏழாம் பீப்பாய்க்கு வருகிறேன்.

அது பெர்மெத்தின் பீப்பாய். அவள் பள்ளிக்கூடம் முடித்த வருஷத்துச் சரக்கு. அவள் கல்யாணத்தன்றைக்குத்தான் திறப்பது என்று துர்குன் அண்ணன் சுண்ணாம்பால் அவள் பெயரை எழுதி வைத்திருந்தார். போன மாசி வாக்கில், அவர் மகளைப் பார்க்கப் போயிருந்த நேரம், தலைநகரிலிருந்து ஒரு விடுதிக்காரன் வந்தான். எல்லாவற்றையும் ருசி பார்த்தான். ஏழாவதைப் பார்த்ததும் அது வேண்டும் என்றான். விற்பதற்கில்லை என்றேன். விலை சொல்லு என்றான். அவனை விரட்டுவதற்காக, யாருமே தர முடியாத ஒரு விலையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். எங்கள் சந்தைப் பழக்கம் உங்களுக்குத் தெரியும்: விலை சொல்கிறவன் கையை நீட்டித்தான் சொல்வான். என் கையும் பழக்கத்தில் நீண்டுவிட்டது. அவன் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டான். உடன் வந்த ஓட்டுநர் இருவர் கைமேலும் தன் கையை வைத்து, "முடிஞ்சது, ஆண்டவன் பரக்கத் தரட்டும்" என்றான்.

குலுக்கிய கையை உதறிய வியாபாரி எங்கள் குடும்பத்தில் இல்லை. செத்தவர்களில் கூட இல்லை. வேறு ஊர்க்காரர் யாராவது, மன்னிக்கணும், வேடிக்கைக்குச் சொன்னேன் என்றிருப்பார்கள். என்னால் முடியவில்லை. விடுதிக்காரன் சரக்கைக் கேன்களில் ஊற்றிக்கொண்டு போனான், பீப்பாய் மட்டும் மிஞ்சியது.

கல்யாணம் புரட்டாசியில்தான் என்று இருந்தது. ஆடியில் புதுப்பழம் வரும், நல்லதாகக் காய்ச்சி ஏழாவதை நிரப்பிவிடலாம், மூக்கில்லாதவருக்கு வித்தியாசம் தெரியாது என்பது என் கணக்கு. அதுவரை பீப்பாய் காலியாக இருந்தால் தட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் மரம் கெட்டுப்போகும். நகரத்துச் சந்தைக்குப் பின்னால் ஒரு லாரிக்காரனிடம் பீப்பாய் கொள்ளுமளவுக்குச் சாராயம் வாங்கினேன். "குடிக்கிறதுதானேப்பா?" என்று கேட்டேன். "குடிக்காம குளிக்கவா போறே?" என்றான். நானும் சிரித்தேன். உலர்ந்த ஆப்ரிகாட்டும் உடைத்த கொட்டையும் போட்டு ஊறவைத்தேன். நல்ல மணம் வந்தது. நானே அசந்துபோனேன்.

அப்போது எனக்கு அது விஷம் என்று தெரியாது. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மீந்த சாராயத்தில் இரண்டு பாட்டிலை எங்கள் சுமை வண்டிக்காரன் ஷாமிலுக்குக் கொடுத்தேன், அன்பளிப்பாகத்தான். ஒரு வாரம் கழித்து வந்தான். "கப்பார் அண்ணே, ஒரு நாள் முழுக்கக் கண்ணுல பனி கொட்டுற மாதிரியே இருந்துச்சு. உன் சரக்கா, இல்ல பல்வலிக்கு நான் போட்ட மாத்திரையா?"

"மாத்திரையாத்தான் இருக்கும்" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன். உங்க சரக்கு அப்படிச் செய்யுமா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனான். அவன் ஒரு கோப்பைக்கு மேல் குடிக்கவில்லையாம். மற்ற பாட்டிலை வாங்கி வந்து கொட்டினேன். அந்த அளவுக்கு நான் பொறுப்பானவன். ஏழாம் பீப்பாயை மட்டும் கொட்ட முடியவில்லை. கொட்டினால், ஏன் என்று சொல்ல வேண்டும்.

வைகாசியில் மாப்பிள்ளை கூபானுக்குக் கொரியாவில் வேலை கிடைத்தது. அவன் போவதற்குள் கல்யாணம் என்று பத்தே நாளில் ஏற்பாடு ஆனது. மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் கூடாரம். கல்யாணத்துக்கு முந்திய நாள் துர்குன் அண்ணன் ஏழாம் பீப்பாயைத் தட்டிப் பார்த்து, "எம்பொண்ணு மாதிரியே நெறஞ்சு நிக்குதுடா" என்றார். அந்தப் பத்து நாளும் சொல்லிவிடலாம் என்று தினமும் ஆலைக்குப் போனேன். சந்தையில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்பான். இது வியாபாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாய்க்கு வேறு பழக்கம் கிடையாது.

கல்யாணத்துக்கு நான் என் காரில் போனேன். எங்கள் பக்கம் விருந்தில் நீட்டிய கோப்பையை மறுக்கக் கூடாது, மறுத்தால் அந்த வீட்டு வாழ்த்தையே மறுத்தது மாதிரி. ஒரே ஒரு விலக்கு உண்டு: கார் சாவியைத் தட்டருகே வைத்துவிட்டால், அவன் ஓட்டுகிறவன், விட்டுவிடுவார்கள். நான் உட்கார்ந்ததும் சாவியை எடுத்து வைத்தேன்.

துர்குன் அண்ணன் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாருங்கப்பா, கப்பாருக்குப் பொறுப்பு வந்துடுச்சு! இருபது வருஷமா இவனைக் கம்பளி மூட்டை மாதிரி விருந்துல இருந்து சுமந்துட்டுப் போயிருக்கேன். எம்பொண்ணு கல்யாணத்துலதான் திருந்தணுமாடா?"

மாப்பிள்ளையின் பெரியப்பா, "விற்கிறவனே குடிக்கலைன்னா நாங்க எப்படி நம்புறது?" என்றார். கூடாரமே சிரித்தது. அவர் சொன்னது நியாயமான கேள்வி.

காய்ச்சியவன் வாயில்தான் முதல் கோப்பை, இது ஏரிக்கரை வழக்கம். அவர் எழுந்து நின்றார். செம்மறித் தலை வைத்த தட்டுக்கு அந்தப் பக்கம் பெர்மெத், வெள்ளை முக்காட்டில். அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் நீளமாக மூச்சை இழுத்தார். பிறகு என் மூக்கருகே நீட்டினார். "என்னடா, சரிதானே?"

இருநூறு பேர் இருந்தார்கள். அவர் மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகம் சுளித்திருந்தால் போதும், மேடம். பேசக்கூட வேண்டாம். இரண்டு வருஷமாகச் செய்துவந்த வேலைதான். புருவத்தைச் சற்றே நெரித்திருந்தால் அவர் கோப்பையைக் கீழே வைத்து, இது வேண்டாம், வேறு கொண்டுவாருங்கள் என்று ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார்.

நான் சிரித்தேன்.

"என் பொண்ணு பேரை எழுதி வெச்ச சரக்கு" என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்தார். அதற்குப் பிறகு பெண்ணைப் பெற்றவர் உட்கார நேரமில்லை, பரிமாறிக்கொண்டே இருந்தார். பிழைத்தது அதனால்தான். மாப்பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. வாழ்த்தியவர் ஒவ்வொருவருக்கும் அவன் ஒரு கோப்பை குடித்தாக வேண்டும்.

மறுநாள் காலையில் கூபான் சன்னல் திரையை விலக்கச் சொன்னானாம். அது விலகித்தான் இருந்தது. பெரியப்பா மத்தியானம் போனார். மேலும் மூன்று பேர் அந்த வாரத்துக்குள். நான் அன்று காலை ஏழாம் பீப்பாயைச் சோடா போட்டு வெந்நீரில் மூன்று தடவை அலசினேன். ஆலையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

போலீஸ் வருவதற்கு முன் துர்குன் அண்ணன் ஆலைக்கு வந்தார். கொப்பரையின் மேல் கை வைத்து நின்றார். "எனக்கு மூக்கு செத்துப்போச்சுடா. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியலை. உன் மொகத்தைப் பார்த்துப் பார்த்துதான் காய்ச்சினேன்" என்றார். அழவில்லை. "அப்போ நீ எப்படிடா சிரிச்சே? உனக்குக் கெட்ட வாசனை வரலையா?"

இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்கே தெரிந்தது. நான் சொன்னேன்: "நான் மோந்து பார்க்கவே இல்லையே அண்ணே. கல்யாணமாச்சேன்னு சிரிச்சேன்."

அவர் கொப்பரையிலிருந்து கையை எடுத்தார். "கல்யாணத்துக்குச் சிரிச்சதைப் போய்..." என்றார். பிறகு தானே நடந்து காவல் நிலையத்துக்குப் போனார். மூக்கு போனதை மறைத்தேன், முதலில் சொட்டியதைக் கொட்டாமல் பிடித்துவிட்டேன், நான்கு பேர் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். கல்யாண வீட்டில் மிச்சமிருந்த பாட்டிலில் விஷம் இருந்தது. நீதிபதிக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கோப்பையை நன்றாக முகர்ந்து பார்த்தேன். ஆப்ரிகாட் மணம் மட்டும்தான் வந்தது. உலகத்தில் எந்த மூக்காலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தன் மூக்குதான் நான்கு பேரைக் கொன்றது என்று அவர் சிறையில் நினைத்துக்கொண்டிருக்கிறார். மாதம் ஒருமுறை ரொட்டியும் தேயிலையும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "உன்னை விட்டா எனக்கு யாருடா" என்கிறார். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா?

அந்தச் சாவியைக் காகிதத்தின் மேலிருந்து எடுத்துவிடுகிறேன். உட்கார்ந்ததும் மேசைமேல் வைத்துவிடுவது பழக்கமாகிவிட்டது. நாளைக் காலை கூபானைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், மாதா மாதம் நான்தான் கூட்டிப்போகிறேன். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவன் படியேறுவான். நான் உள்ளே போய்விட்டால் அந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள், மேடம்.