இருநூறு கிலோவுக்கு ஒரு கையெழுத்து

அக்கா: கையெழுத்துதானேடி? போட்டுட்டுப் போயேன். சாப்பாட்டு மேசையில லேப்டாப்பைப் பரப்பிக்கிட்டு...

தங்கை: போட மனசு வராமத்தானே உன்கிட்ட கொண்டாந்தேன். க்ரேன் கம்பெனியில பதினாலு வருஷமா, பாரம் தாங்குமா உடையுமான்னு கம்ப்யூட்டர்ல பாக்கற இதே சிமுலேஷன்தானே ஓட்டறே. ஒரு தடவை பாரு.

அக்கா: யாரு பண்ணது?

தங்கை: எங்க ஆபீஸ்ல... ஒரு ஆளு.

அக்கா: ஆளுக்குப் பேர் கிடையாதா?

தங்கை: பேர் எதுக்கு? சாமானைப் பாரு. ஆஸ்பத்திரிக்குப் போற இரும்புக் கை. எழுந்திருக்க முடியாதவங்களைக் கட்டில்லேர்ந்து தூக்கி சக்கர நாற்காலியில வைக்கும். சுவத்துல நாலு போல்ட் போட்டு மாட்டறது. நாளைக்குக் காலைல இருபது கை லாரி ஏறுது. நான் சரி பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஏறும்.

அக்கா: சரி, தள்ளு இப்படி... அடேங்கப்பா. முதல் பக்கத்துலயே கலர் படம்!

தங்கை: அழகா இருக்குல்ல?

அக்கா: கலரைப் பாத்து ஜன்னலுக்குத் துணி வாங்கலாம். ஆளைத் தூக்க முடியுமா? ஏன், தாங்காத இடத்தைக் காட்டற சிவப்பை எங்கயுமே காணோம்?

தங்கை: சிவப்பு இல்லேன்னா நல்லதுதானேன்னு...

அக்கா: யாரு, அந்த ஆளு சொன்னானா? பக்கத்துல இருக்கற அளவைப் படி. சிவப்பு ஆரம்பிக்கற எண்ணை ஆயிரம் வரைக்கும் ஏத்தி வச்சிருக்கான். அப்புறம் சிவப்பு எங்கேர்ந்து வரும்? காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரை மறைச்சு வச்சுட்டு உடம்பு தேவலாம்னானாம்.

தங்கை: மெதுவாப் பேசேன்...

அக்கா: என் வீட்ல நான் ஏன் மெதுவாப் பேசணும்? இது என்ன, உருவத்தைக் கட்டம் கட்டமா நறுக்கற மெஷ்ஷா? கொசுவலைக்குப் பதிலா மீன் வலை கட்டியிருக்கான். கையும் சுவத்துத் தகடும் சேர்ற வெல்டிங் மூலை இருக்கே, உடையறதுன்னா அங்கதான் உடையும். அங்க போய் இவ்வளவு பெரிய கட்டமா?

தங்கை: சின்னதாப் போட்டா கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் எடுக்குமாம்.

அக்கா: எடுக்கட்டுமே! துரைக்கு என்ன அவசரம்? கட்டத்தைப் பாதியாக்கி இன்னொரு தடவை ஓட்டணும். எண் அசையலேன்னா நம்பலாம். அசைஞ்சா இன்னும் பாதியாக்கணும். அதுவும் ஏறிக்கிட்டே போச்சுன்னா, மூலையைக் கத்தி மாதிரி கூரா வரைஞ்சிருக்கான்னு அர்த்தம். இதுல ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு ஏப்பம் விட்டிருக்கான். எப்பவுமே இப்படித்தான்.

தங்கை: எப்பவுமேன்னா?

அக்கா: இந்த மாதிரி ஆளுங்க எப்பவுமே இப்படித்தான்னேன். அந்தத் தண்ணியை எடு... சுவத்துப் பக்கம் எப்படிப் பிடிச்சிருக்கான்?

தங்கை: பின் தகடு முழுக்க அசையாதுன்னு...

அக்கா: முழுக்கவா? நாலு போல்ட்தானே பிடிக்குது? மீதி இடமெல்லாம் சத்தியத்தாலயா ஒட்டியிருக்கு?

தங்கை: சிரிக்க வைக்காதே, புரையேறுது.

அக்கா: சிரிக்காதே. அந்த நாப்கினைக் குடு, பேனாவும் குடு. எவ்வளவு கிலோ தூக்கும்?

தங்கை: இருநூறு.

அக்கா: கையோட நீளம்?

தங்கை: சுவத்துலேர்ந்து ஒண்ணேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.

அக்கா: இருநூறு கிலோன்னா ரெண்டாயிரம் நியூட்டன். பெருக்கு... குழாயோட அளவு இது... வகு... வெல்டிங் மூலையில அழுத்தம் நூத்தம்பது சொச்சம் வருது. ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கான்?

தங்கை: பதினஞ்சு.

அக்கா: பதினஞ்சா? அந்தப் பக்கத்தைக் காட்டு.

தங்கை: இதோ, கடைசி வரி.

அக்கா: சரியாப் பத்துல ஒரு பங்கு. எதிர்விசையைப் பாரு. போல்ட் பக்கம் மொத்தம் எவ்வளவு வந்திருக்கு?

தங்கை: அது ரிப்போர்ட்ல இல்ல. நான்தான் ஃபைலைத் திறந்து எடுத்தேன். இருநூறு.

அக்கா: கை மேல எவ்வளவு பாரம் வச்சோமோ அவ்வளவு சுவத்துப் பக்கம் எதிர்விசையா வரணும். ரெண்டாயிரத்துக்குப் பதிலா இருநூறுன்னா என்ன அர்த்தம்? கிலோவைக் கொண்டுபோய் அப்படியே நியூட்டன் கட்டத்துல கொட்டியிருக்கான் மகானுபாவன்! இவன் தூக்கிப் பாத்தது இருநூறு கிலோ ஆளை இல்லடி. இருபது கிலோ. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையை!

தங்கை: அது எனக்கு முன்னாடியே தெரியும்.

அக்கா: தெரிஞ்சுமா என் வாயைக் கிளறினே?

தங்கை: நான் சொன்னா எடுபடாது. போன வாரமே கேட்டேன். "முப்பது வருஷ அனுபவம் பேசுது, நீ பேசாம கையெழுத்துப் போடு"ன்னார்.

அக்கா: அனுபவம்! முப்பது வருஷமா ஒரே தப்பைப் பண்ணினா அதுக்குப் பேர் அனுபவமா? இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லாத ஒரு பொம்பளையை அந்தரத்துல தூக்கும்போது வெல்டிங் விட்டுச்சுன்னா, கீழ விழறது அனுபவமா, அவளா? கையெழுத்துப் போட்டே, உன் கையை ஒடிப்பேன்.

தங்கை: போடலேன்னா... நாளைப்பின்ன அவங்க வீட்டுப் படி ஏற முடியாது. ரொம்ப வேண்டப்பட்டவங்க.

அக்கா: ஏறாதே! அப்படி என்ன பெரிய அரண்மனைப் படி?

தங்கை: இப்பக்கூட ஏறித்தான் வந்தேன். இந்தப் படிதான். அக்கா... கோச்சுக்காதே. அதைப் பண்ணது உன் வீட்டுக்காரர்.

அக்கா: தெரியும். "ஒரு வேளை சோறு போட்டு, எப்படியாவது உன் தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்கிடு"ன்னு உன்னைக் கூப்பிடச் சொன்னதே அவர்தான். சாப்பிட்டாச்சுல்ல? இப்ப "நிராகரிக்கப்பட்டது"ன்னு எழுது... பெருசா எழுதுடி, மனுஷன் கண்ணாடி போடாமலே படிக்கணும்.