வெண்ணெய்க் காபிக்கு ஓர் அறை

இந்த மேடையில் ஏறியதும் என் கண்ணில் முதலில் பட்டது பூங்கொத்து அல்ல, பின்னால் கட்டியிருக்கும் பதாகை அல்ல, உங்கள் முகங்கள்கூட அல்ல. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் இந்த மைக்கின் ஒயர் சொருகியிருக்கிறது. என் காலடியில் இருக்கும் துணிப்பைக்குள் எங்கள் வீட்டு மிக்ஸி உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் ஓடும். மிக்ஸி ஓடும் நேரத்தில் நான் பேச வேண்டியதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

வெள்ளைத் துணியை விட வெள்ளை மனம் கொண்ட எங்கள் சலவைக்கூடத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே! அழுக்கோடு அன்றாடம் போரிட்டு அன்றாடம் வெல்லும் துவைப்பறை அண்ணன்மார்களே! கொதிக்கும் இரும்பைக் கையில் பிடித்துக் குளிர்ந்த பேச்சை வாயில் வைத்திருக்கும் தேய்ப்பறைத் தாய்மார்களே! கொதிகலனோடு குடித்தனம் நடத்தும் பாய்லர் மாமா அவர்களே! முன்வரிசையில் பெட்டியும் சிரிப்புமாக அமர்ந்திருக்கும் பழரசப் பாக்கெட் அண்ணன் அவர்களே! கைதட்டுவதற்குக் கையைத் தயாராக வைத்திருக்கும் சித்தி அவர்களே! கடைசி வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு, தான் யாரோ என்பதுபோல உட்கார்ந்திருக்கும் என் அம்மா அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

சித்தி, இப்போது தட்டக்கூடாது. இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நான் பள்ளியைப் பாதியில் விட்டவள். இருந்த நாட்களிலும் ஆசிரியர் கேள்வி கேட்டால் முன்னால் இருக்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இங்கே எனக்கு முன்னால் முதுகே இல்லை. எல்லாம் முகங்கள்! நான் தலைவர் வீட்டுக்குப் போய், "ஐயா, பேசாம எழுதிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரூம் வேணும்னா மேடையில ஏறிக் கேக்கணும்மா. நானே கேட்டிருக்கேன். காது கேக்காத பெரியவரு ஒருத்தர் கையால ஜாடை காட்டிக் கேட்டிருக்காரு. உனக்கு வாய் இருக்கு, ஏறு!"

ஏறிவிட்டேன்.

எதற்காக? தேய்ப்பறைக்கு எதிரே ஓர் அறை காலியாக இருக்கிறது. உடைந்த ஹேங்கர்கள் கிடந்த அறை. அதை மதிய இடைவேளையில் தொழிலாளர்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் இடமாக மாற்றச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. பழரசப் பாக்கெட் அண்ணன் அந்த அறையைக் கேட்கிறார். நானும் என் அம்மாவும் கேட்கிறோம். கூட்டம் முடிவதற்குள் நீங்கள் கை தூக்கிச் சொல்லிவிடுவீர்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுக்குள் எங்கள் வீடு முழுவதும் இருக்கிறது.

என் அம்மாவை உங்களுக்குத் தெரியும். தேய்ப்பறையில் ஜன்னலோர மேசை. சோப்புத்தூள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தேய்ப்பவர். பார்ப்பவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்தார்கள். பாணி அல்ல. வலி. ஒரு முழங்கால் வலித்தால் அந்தக் காலைத் தூக்கி வைப்பார். மற்றது வலித்தால் மாற்றி வைப்பார். மருத்துவர், "இனி நின்று வேலை செய்யக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அம்மா அவரிடம் கேட்டார்: "உக்காந்துகிட்டுத் தேய்க்கிற மேசை எங்கயாவது விக்கிறாங்களா டாக்டர்?"

மதியம் வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. தேய்ப்பறையின் சூடு தொண்டை வரைக்கும் நிற்கும். காபி குடிக்காவிட்டால் தலை பிளக்கும். சூடான காபியை நீட்டினால் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! "ஆவியிலயே வெந்துட்டு வர்றவகிட்ட ஆவி பறக்குறத நீட்டுறியேடி!" ஐஸ் போட்டுக் கொடுத்தேன். வெறும் வயிற்றில் எரிகிறது என்றார். சூடும் கூடாது, குளிரும் கூடாது, சோறும் கூடாது. பின் எதைத்தான் கொடுப்பது?

அப்போதுதான் நம் சித்தி தன் ஃபோனோடு உள்ளே வந்தார். சித்தி, இப்போது தட்டலாம்.

"இங்க பாரு, ஒருத்தி காபில வெண்ணெயப் போட்டு அடிக்கிறா. நம்ம சோப்புத் தண்ணி மாதிரியே நுரைக்குது! இதக் குடிச்சா சீக்கிரம் பசிக்காதாம்."

அம்மா சொன்னார்: "வெண்ணெய ரொட்டில தடவுவாங்க. காபில தடவ அவளுக்கு என்ன கிறுக்கா?"

"நீ வெண்ணெய் தடவுன ரொட்டியக் காபில முக்கித்தான திங்கிற? அப்ப வெண்ணெய் எங்க போகுதாம்?"

என்னிடம் வெண்ணெய் இருந்தது. ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தது வெற்றியா? இல்லை! முதல் நாள் குளிர்ந்த காபியில் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு, ஐஸையும் போட்டு ஓட்டினேன். வெண்ணெய் கரையவில்லை. மணிமணியாகத் திரண்டு மிதந்தது. அம்மா ஒரு வாய் குடித்தார். என் மனம் நோகக்கூடாது என்று மெதுவாக விழுங்கினார். பிறகு கேட்டார்: "காபி நல்லா இருக்கு கண்ணு. மெழுகுவத்தி எதுக்கு?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இதைவிடப் பெரியது இருக்கிறது. மறுநாள், சரி, சூடாகவே அடிப்போம் என்று கொதிக்கக் கொதிக்கக் காபியை ஜார் நிறைய ஊற்றி, மூடியை இறுக்கி மூடிச் சுவிட்சைத் தட்டினேன். தட்டியதுதான் எனக்குத் தெரியும். மூடி எங்கே போனது என்பது மூடிக்குத்தான் தெரியும்! நல்லவேளையாக நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். காபி சீலிங்கில் இருந்தது. சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, வீட்டுக்குள்ள மேகம் கட்டிருக்கு, துணியெல்லாம் எடுத்து உள்ள போடு!" என்றார். இன்றும் அந்த மேகம் அங்கேதான் இருக்கிறது. எத்தனை கறையை எடுத்த குடும்பம் இது! சீலிங்கில் இருக்கும் கறையை மட்டும் எடுக்க முடியவில்லை.

அன்று மாலை நான் அந்த ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீரில் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், வெண்ணெய் வழுக்கிக்கொண்டு இடம் மாறுகிறதே தவிர போகவில்லை. அம்மா அடுத்த அறையிலிருந்தே சத்தத்தைக் கேட்டுக் கத்தினார்: "சலவைக்காரி வீட்டுப் பொண்ணாடி நீ? எண்ணெய்க் கறை பச்சைத் தண்ணிக்கு அசையுமா? சூட்டுல இளக்கி, சோப்புப் போட்டு அடிச்சு, ஆறுறதுக்குள்ள அலசணும்!"

நான் ஜாரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

அம்மா கறையைப் பற்றித்தான் சொன்னார். எனக்குக் காபியைப் பற்றிச் சொன்னதாகக் கேட்டது. சூட்டில் இளக்க வேண்டும், சரி. அடிக்க வேண்டும், சரி. சோப்பு? காபியில் சோப்புக்கு எங்கே போவது? தண்ணீரையும் எண்ணெயையும் கைகோர்க்க வைப்பதுதானே சோப்பு! காபியில் அந்த வேலையைப் பால் செய்யாதா? கெட்டியாகக் கரைத்த பால்பவுடர் செய்யாதா? அலசுவதுதான் ஐஸ்!

தாய்மார்களே, வீட்டில் செய்து பாருங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. கெட்டியாக டிகாஷன் இறக்குங்கள். பாதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். தண்ணீர் ஐஸ் போட்டால் காபி நீர்த்துப்போகும். காபியே ஐஸானால் கரையக் கரையக் காபிதான். மீதி டிகாஷனைச் சூடாக்கி, கொதி அடங்கியதும் ஜாரில் ஊற்றுங்கள். பாதி ஜார்தான்! எங்கள் மேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு நெல்லிக்காய் அளவு வெண்ணெய், ஒரு கரண்டி பால்பவுடர், உங்கள் வாய்க்கு வேண்டிய சர்க்கரை. உப்பு போடாத வெண்ணெயாகப் பாருங்கள். நான் ஒருநாள் உப்பு வெண்ணெய் போட்டுவிட்டு, "அழுதுகிட்டே கலக்குனியா?" என்று அம்மாவைக் கேட்க வைத்துவிட்டேன். மூடிமேல் இருக்கும் சின்ன மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயை மடித்த துணியால் லேசாகப் பொத்திப் பிடித்து அடியுங்கள். நுரை பொங்கும். உடனே பாத்திரத்தில் ஊற்றிக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கலக்குங்கள். வெதுவெதுப்பு வந்ததும் ஜாருக்கே மாற்றி, காபி ஐஸைப் போட்டு மறுபடி ஓர் ஓட்டு. நடுவில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். நான் போனேன். திரும்பி வந்தால் வெண்ணெய் மேலே ஏறிப் போர்வை போர்த்திப் படுத்திருந்தது. துவைத்ததை அலசாமல் போட்டால் சோப்பு படியாதா? அதேதான்!

அப்படிச் செய்த காபியை அம்மா குடித்தார். மெழுகுவத்தி இல்லை, கண்ணீர் இல்லை, எரிச்சல் இல்லை. டம்ளரைக் கீழே வைத்தார். அடியில் இருந்த நுரையை விரலால் வழித்தார். சற்று நேரத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசினால் எழுந்து போய்விடுவாரோ என்று பேசவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நான் சூடாக அடித்ததை ஒரு பிளாஸ்க்கிலும் காபி ஐஸை இன்னொன்றிலும் கொண்டுவந்து, சலவைக்கூட வாசலில் வைத்துக் குலுக்கிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன். ஒரு டம்ளர் போய் ஒரு பாட்டில் ஆனது. தேய்ப்பறையில் ஆளுக்கொரு வாய். பாய்லர் மாமா ஒருநாள் வாசல் வரை துரத்திவந்து, "ஏம்மா, ஓடாத! நான் திட்ட வரல. இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேக்க வந்தேன்!" என்றார்.

என்ன மாமா? கொழுப்பு ஏறாதா என்கிறீர்களா? அன்றைக்குத் துரத்தும்போது இந்தக் கேள்வி வரவில்லையே! ஆனால் நியாயமான கேள்வி. இது மருந்தும் இல்லை, சோற்றுக்குப் பதிலும் இல்லை. மருத்துவர் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு வெண்ணெய் இல்லாத குளிர்காபி. அதற்கும் இதே மரியாதை, இதே டம்ளர்.

பழரச அண்ணன் ஏதோ சொல்கிறார். "என் பாக்கெட்டுக்கு மிக்ஸியே வேணாம் தங்கச்சி, பல்லால கடிச்சா போதும்." உண்மைதான் அண்ணா. உங்கள் பாக்கெட் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். வாசலில் இருக்கும், வண்டியில் இருக்கும், சட்டைப் பையில்கூட இருக்கும். வெண்ணெய்க் காபி அப்படி இருக்காது. அடித்த உடனே குடிக்க வேண்டும். அதற்கு ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும், ஒரு குழாய் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் அறை கேட்கிறேன்.

பெரியோர்களே! நான் கேட்பது மாளிகையா? இல்லை. மகுடமா? இல்லை. ஓர் அறை கேட்கிறேன். அறைக்குள் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் என் அம்மா! எத்தனை சட்டைகளின் மடிப்பு நிமிர்ந்து நிற்பதற்காக அந்த முழங்கால்கள் மடங்காமல் நின்றன? எத்தனை பேர் விறைப்பாக வீதியில் நடப்பதற்காக அவர் வாளியின்மேல் கால் வைத்து நின்றார்? நின்றது போதும். அவர் உட்காரட்டும். உட்கார்ந்துகொண்டு ஐஸை எண்ணிப் போடட்டும். "இனிப்பு போதுமா?" என்று உங்களைக் கேட்கட்டும். ஓடி ஓடி எடுத்துக் கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் வைத்துவிட்டு ஓடமாட்டேன். நின்று, உங்கள் முகத்தைப் பார்த்து, கையில் கொடுப்பேன். இந்த மேடையில் இவ்வளவு நேரம் நின்றவளுக்கு அது முடியாதா?

அம்மா, கைக்குட்டையை எடுங்கள். எல்லாருக்கும் தெரியும் நீங்கள்தான் என்று.

பழரசம் பிடித்தவர்கள் பழரசத்துக்கே கை தூக்குங்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் குடித்துப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது, பிளாஸ்க்கில் காபி சரியான சூட்டில் இருக்கிறது, சித்தி டம்ளர்களை அடுக்கிவிட்டார். இதுவரை கேட்ட காதுகளுக்கு என் நன்றி. இனிமேல் குடிக்கப்போகும் வாய்களுக்கு என் வணக்கம்.

தலைவர் ஐயா, கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். மைக்கின் ஒயரைப் பிடுங்குகிறேன்.