வளைந்துபோன உக்ரேன் கத்தி

ஹட்டனில் இருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு இளைஞரும் அவருடைய மாமனாரும் இருந்தார்கள். "ஒங்க கத்திய நெருப்புல போட்டு வளைச்சுட்டேன் மாப்ள" என்று பெரியவர் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"எந்தக் கத்தி?"

"அதான், காட்டுல கூடாரம் போடப் போறப்போ கொண்டு போகன்னு உக்ரேன்ல இருந்து எடுப்பிச்சீங்களே, அது. கவ்வாத்து வெட்ட எடுத்துட்டுப் போனேன். தேயிலைச் செடி வெட்டுற கத்தி வளைஞ்சிருக்கணுமில்ல? இது நேரா இருந்துச்சு. பட்டறையில குடுத்தேன்."

"பழுக்கக் காய்ச்சினாங்களா மாமா?"

"செக்கச் செவேல்னு. அப்பறந்தான் வளைஞ்சுச்சு. நல்ல இரும்புன்னு பட்டறைக்காரரே சொன்னாரு."

மருமகன் முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவு சூடு காட்டுனா பதம் போயிருங்க மாமா. அந்த வெலைக்கு அப்படி ஒரு கத்தி எங்கயும் கெடைக்காது. பிடி கைக்குள்ள அப்படியே ஒக்காரும். தக்காளிய தொட்டாப் போதும், வெட்டிரும்."

"அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன். நாலு செடி வெட்டல, மழுங்கிருச்சு. உக்ரேன் சாமான் இவ்வளவுதானா மாப்ள?"

பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. மருமகன் மாமனாரைப் பார்க்காமலே சொன்னார்.

"குண்டு விழுற நாட்டுல இருந்து ஒரு கீறல் இல்லாம வந்துச்சுங்க மாமா. நம்ம தோட்டத்து லயத்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகல."