சரியான அளவுக் கல்

மழைக்காலத்தில் பழைய கார் ஓட்டுவது பெரிய தொல்லை, துவான் இன்ஸ்பெக்டர். வைப்பர் வருடக்கணக்கில் தேய்த்து என் சாகா காரின் முன்கண்ணாடி மங்கிவிட்டது. எதிர்வெளிச்சம் பட்டால் சாலையே தெரியாது. யாரையாவது இடித்துவிடுவேனோ என்று ஊர்ந்து ஊர்ந்துதான் ஓட்டுவேன்.

கண்ணாடிக்குத் தனிக் காப்புறுதி வைத்திருக்கிறேன். வருடா வருடம் கட்டுகிறவன் கைக்காசைப் போட்டு எதற்கு மாற்ற வேண்டும்? கண்ணாடிக் கடை சுல்ஹில்மியிடம் கேட்டேன்.

"மங்கிப்போனதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்காதுலா, அங்கிள். உடையணும்."

"சுத்தியல்ல ஒரு தட்டு தட்டிரவா?"

"நிக்கிற வண்டியில தட்டுனா பாத்ததுமே கண்டுபிடிச்சிருவாங்க. ஓடுற வண்டியில கல்லு அடிச்சா விரிசலே வேற மாதிரி. வீணா மாட்டிக்காதீங்க."

நல்ல பையன். மணல் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கல்கூடத் தெறிக்கவில்லை. என் ராசி அப்படி. பிறகுதான் நெடுஞ்சாலை மேம்பாலம் நினைவுக்கு வந்தது. தங்கை கணவன் பூன் கியட் என் காரை ஓட்டி வருவது, நான் மேலிருந்து கல்லைப் போடுவது என்று திட்டம்.

"அண்ணே, கல்லு உள்ள வந்துட்டா என் மண்டை போயிரும்லா. எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு."

அவன் கேட்டது நியாயம்தான். அளவு தெரியாமல் சொந்தக்காரன் உயிரோடு விளையாடலாமா? முதலில் வேறு வண்டிகளில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்துவிட்டு மேம்பாலத்துக்குப் போனேன். கோழிமுட்டை அளவுக் கல் ஒரு வேனில் பட்டுத் துள்ளிப்போனது. அடுத்தது மாங்காய் அளவு. அது ஒரு வெள்ளைக் காரின் கண்ணாடியைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிற்று. கார் தடுப்பில் மோதி நின்றது. ஹாரன் மட்டும் நிற்கவே இல்லை. எனக்கும் வருத்தம்தான், அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் பெரிய கல் ஆகாது என்று தெரிந்துவிட்டது. மறுவாரம் இரண்டுக்கும் நடுவான கல்லைப் போட்டேன். என் கண்ணாடியில் குறுக்கே ஒரே விரிசல். பூன் கியட்டுக்கு ஒரு கீறல் இல்லை. சுல்ஹில்மி படம் எடுத்து அனுப்பினான், கம்பெனியும் ஒத்துக்கொண்டது. பூன் கியட் காப்பிக்கடையில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஆமாம், அந்த வெள்ளைக் கார்ப் பெண்ணைக் கொன்றது நான்தான். அவளுக்கும் பிள்ளைகள் உண்டு என்கிறீர்கள். பூன் கியட் அதை வாய் திறந்து சொன்னான், துவான். அவள் சொல்லவில்லையே.