சாய்ந்த வெளிச்சம்

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டு வருகிற பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கையில் இருக்கிற கேமரா தேய்கிற வரைக்கும் எடு, அப்புறம் வா. பாதிப் பேர் திரும்பி வருவதில்லை, கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போன மாதம் ஒரு புகைப்படச் சங்கத்தார் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். புகைப்படக் கலையில் வளர்வது எப்படி என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். கருவி, உத்தி, பழக்கம் என்று மூன்றாகப் பிரித்து எழுதி அனுப்பினேன். அருமையாக இருக்கிறது என்று போன் வந்தது. பழக்கத்தைப் பற்றிய பகுதியில் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். மலரில் போடுகிற விஷயம் இல்லை அது. இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் பாண்டுரங்கன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி தொண்ணூற்றிரண்டாம் வருஷத்திலிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு. பாஸ்போர்ட் படம், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு எல்லாம் எடுப்பேன். பழைய யாஷிகா ஒன்றில் ஆரம்பித்து, பிறகு ஒரு நிக்கானும் ஐம்பது எம்.எம். லென்ஸும் வாங்கினேன். ஜூம் லென்ஸ் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. கிட்டே போக வேண்டுமானால் கால் இருக்கிறது, நடந்து போக வேண்டியதுதான். கருவியைப் பற்றி இவ்வளவு போதும்.

உத்தியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஊர்க் கோயில் சுவர். அந்தச் சுவர் முழுக்கக் கல்வெட்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உச்சி வெயிலில் நேருக்கு நேர் நின்று எடுத்துக்கொண்டு போவார்கள். படத்தில் சுவர் இருக்கும், எழுத்து இருக்காது. வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழுகிற நேரத்தில் எடுத்தால் ஒவ்வோர் எழுத்தும் எழுந்து நிற்கும். பள்ளம் இருந்தால்தான் நிழல் விழும். இது பிடிபட்ட பிறகு ஸ்டூடியோவின் கிழக்கு ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்து, அதன் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டேன். காலை வெளிச்சம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை அப்படித்தான் உரசிக்கொண்டு போகும்.

இரண்டாயிரத்து மூன்றில் சுப்பிரமணி வந்தான். டிபி நோயாளிகளைக் கவனிக்கிற சுகாதார ஊழியன், நல்ல பையன், ஓட்டை மொபெட்டில் ஊர் ஊராகச் சுற்றுவான். நோயாளி வாரம் மூன்று நாள் மாத்திரையை யாராவது ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும், அதுதான் திட்டம். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்று கேட்டான்.

“ரங்கண்ணா, ஏரிக்கரையாண்ட கீற இருளர் பொண்ணு. ஆஸ்பத்திரிக்கு வரவே கூச்சப்பட்டுக்கினு கீது. வந்தா அன்னிக்குக் கூலி போவுது. கரும்பு வெட்டப் போற வண்டி உங்க கடையாண்டதான நிக்குது. நீங்க மாத்திர குடுத்தீங்கன்னா ஒரு உசுரு பொழைக்கும்.”

உடனே சரி என்றேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவள் பெயர் ஒட்டிய அட்டைப்பெட்டியை, ஆறு மாத மருந்தை, என் பிலிம் ரோல்கள் இருக்கிற அலமாரியிலேயே வைத்தேன்.

செங்கேணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. திருப்புலிவனம் போகிற வழியில் குடிசை. புருஷன் செத்துவிட்டான், ஒரே பெண் கனகா. பத்து வயதிருக்கும் அதற்கு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தது. முதல் நாள் செங்கேணி மாத்திரை போட முக்காலியில் உட்கார்ந்தாள். தம்ளரை வாங்கித் தலையைத் தூக்கியபோது ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கன்ன எலும்பு, கண் குழி, தாடைக் கோடு எல்லாம் எழுந்து நின்றன. கேமராவை எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கல்யாண மாலைகளையே எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“அப்படியே இரு செங்கேணி” என்றேன்.

“இன்னாத்துக்கு சார், நோவு புடிச்ச மூஞ்சியப் போட்டோ புடிக்கிறீங்க?” என்றாள். ஆனால் அசையாமல் இருந்தாள்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் வடக்கே நடந்த ஒரு போட்டியில் பதக்கம் வாங்கியது. நடுவர்களில் ஒருவர் எனக்கு இரண்டு வரி எழுதியிருந்தார். ஒரு படம் அதிர்ஷ்டத்தில் அமைந்துவிடும், அதே முகத்தைப் பன்னிரண்டு படங்களில் காட்டுங்கள், அப்போது கலைஞர் என்று ஒத்துக்கொள்கிறேன் என்றார். அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது. அதே முக்காலி, அதே ஜன்னல், அதே நேரம். அவள் மாத்திரை போடுவாள், நான் படம் எடுப்பேன். தினசரி ஒழுங்கு இல்லாமல் கலை வராது என்று மலரில் எழுதியிருக்கிறேன், அது நிஜம்தான்.

என் மனைவி சுலோச்சனாவுக்கு இரக்க குணம் ஜாஸ்தி. செங்கேணி வருகிற நாட்களில் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் தட்டில் இட்லி வைத்துக் கொடுப்பாள். மருந்தும் வேலை செய்தது. இரண்டாவது மாதக் கடைசியில் செங்கேணியின் கன்னம் உப்ப ஆரம்பித்தது. இருமல் நின்றது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஒருநாள் மகள் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. கை பழக்கத்தில் அதையும் எடுத்துவிட்டேன்.

ரோலைக் கழுவிப் பார்த்தால் யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். கரும்பு வண்டியில் ஏறுகிற இருபது பேரில் ஒருத்தி. நிழல் விழ இடமே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் கோபமே வந்தது. ஐந்து படங்கள்தான் தேறியிருந்தன. அந்த ஒரு படத்தை மட்டும் நெகட்டிவிலிருந்து கத்திரித்துக் குப்பையில் போட்டேன். மோசமான படத்தைத் தயங்காமல் தூக்கி எறியத் தெரிந்திருக்க வேண்டும். அதையும் மலரில் எழுதியிருக்கிறேன்.

முதலில் இட்லியை நிறுத்தினேன். வெறும் வயிற்றில் போட்டால்தான் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும் என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். அது பொய் இல்லை, சுப்பிரமணியே சொல்லியிருக்கிறான். மாத்திரை போட்ட பிறகாவது கொடுக்கலாமே என்றாள். அதற்குள் வண்டி வந்துவிடுகிறது என்றேன்.

மூன்றாவது மாதத்திலிருந்து மாத்திரை மாறும். வாரத்துக்கு ஒருதரம் வந்தால் போதும், மீதியை வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று சுப்பிரமணி சொன்னான். வேண்டாம், அவள் மறந்துவிடுவாள், எல்லா வேளையும் என் கையாலேயே கொடுக்கிறேன் என்றேன். அவன் நெகிழ்ந்துபோனான். ஒரு கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆரம்பித்தேன். சிவப்புக் கேப்சூல் திருகினால் இரண்டாகப் பிரியும். உள்ளே செங்கல் நிறத் தூள் இருக்கும். அதை டார்க்ரூம் தொட்டியில் கொட்டிவிட்டு அரிசி மாவை அடைத்தேன். வெள்ளை மாத்திரைக்குப் பதிலாகச் சத்து மாத்திரை. காலி அட்டைகளை மட்டும் பெட்டியில் ஒழுங்காக அடுக்கி வைத்தேன், சுப்பிரமணி வந்து பார்த்துவிட்டுப் போவான். நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச நாள் தள்ளிப்போடுகிறேன், மிச்ச ஏழு படம் முடிந்ததும் திரும்பக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நல்ல காரியங்களையும் நாம் அப்படித்தானே தள்ளிப்போடுகிறோம்.

சில நாளில் அவளாகவே கேட்டாள்.

“சார், மாத்திர துன்ன நாள்லேர்ந்து ஒண்ணுக்கு செவப்பா போய்க்கினு இருந்திச்சி. இப்ப நின்னுடுச்சி. எனக்கு நல்லாயிட்டுதா சார்?”

அந்த மருந்துக்கு அப்படித்தான் போகும். நின்றது என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

“ஆமா, நல்லாயிட்டுது. ரத்தம் சுத்தமாயிடிச்சி” என்றேன்.

அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். “என் பொண்ண ஆளாக்கிட்டுப் போய்டணும் சார், அது போதும் எனக்கு” என்றாள். அந்தக் கும்பிட்ட கைகளோடு ஒரு படம் எடுத்தேன். அது ஆறாவது படம்.

அதற்குப் பிறகு முகம் திரும்பி வந்தது. வேலைக்குப் போக முடியாமல் ஆனபோதும் மாத்திரைக்கு மட்டும் தவறாமல் வந்தாள். மூச்சு வாங்க ஏரிக்கரையிலிருந்து நடந்து வந்து, வாங்கி, விழுங்கிவிட்டுப் போவாள். மருந்தின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பன்னிரண்டாவது படம் எடுத்த அன்று அவளால் முக்காலியில் நேராக உட்கார முடியவில்லை. கனகா பின்னால் நின்று முதுகைத் தாங்கிக்கொண்டது. அந்த வெளிச்சம் மறுபடி எனக்கு அமையவே இல்லை. பெண்ணின் விரல்கள் படத்தின் ஓரத்தில் தெரிந்தன. பிரிண்ட் போடும்போது வெட்டிவிட்டேன்.

அடுத்த முறையிலிருந்து உண்மையான மாத்திரையைக் கொடுத்தேன். எனக்கு நானே சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன். அப்புறமும் அவள் தேறாமல் போகவே சுப்பிரமணி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான், கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது, இனி கேட்காது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் செங்கேணி அங்கேயே செத்துப்போனாள். சுப்பிரமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“ஒரு வேளகூட வுடாம குடுத்தீங்களே ரங்கண்ணா. அவ தலையெழுத்து.”

பன்னிரண்டு படங்களும் தங்கப் பதக்கம் வாங்கின. கடைசிப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். அதைக் கழட்டச் சொல்லி சுலோச்சனா இரண்டு மூன்று தடவை கேட்டாள், அப்புறம் விட்டுவிட்டாள். செங்கேணியை நோய் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். தெரிந்து, நிதானமாக, வாரத்துக்கு மூன்று நாள் கொன்றேன். இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று நினைத்திருந்தேன்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது என்னிடம் இருப்பது டிஜிட்டல் கேமரா. போன மாதம் கனகா கடைக்கு வந்தது. பதினாறு வயதாகிவிட்டது, கரும்பு வெட்டப் போகிறது.

“அம்மாவுக்குப் படையல் வெக்கணும் சார். வூட்ல ஒரு போட்டோகூட இல்ல. நீங்க நெறைய புடிச்சீங்களே” என்றது.

சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். கிட்டே போய் அண்ணாந்து பார்த்தது.

“இது எங்கம்மா மாதிரியே இல்லியே சார். அம்மாவுக்குக் கன்னம் உப்பலா இருக்கும். சிரிச்சா குழி வுயும். அந்த மாதிரி ஒண்ணு இல்லியா?”

இல்லை என்றேன். அது உண்மைதான். கனகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமியது. ரொம்ப நாளாக இப்படித்தான் இருக்கிறதாம்.

போன வாரம் சுப்பிரமணி வந்தான். தலை நரைத்துவிட்டது, மொபெட் மட்டும் அதேதான். கையில் கனகாவின் பெயர் ஒட்டிய அட்டைப்பெட்டி இருந்தது. “உங்களாண்ட குடுத்தா ஒரு வேளகூட தவறாது, அதான் வந்தேன்” என்றான். நான் சம்மதித்தேன். அம்மாவுக்குச் செய்ததை மகளிடம் சரிசெய்ய எனக்குக் கிடைத்த வாய்ப்பு இது என்றுதான் எடுத்துக்கொண்டேன். இந்தப் பெண்ணின் மாத்திரையில் நான் கைவைக்க மாட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை காலை கனகா வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தது. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அம்மாவின் எலும்புதான், ஆனால் கன்னத்தில் இன்னும் கொஞ்சம் சதை இருக்கிறது. என் கையாலேயே மாத்திரை கொடுத்தேன், உண்மையான மாத்திரை. அதற்குள் சுலோச்சனா உள்ளேயிருந்து இட்லித் தட்டோடு வந்தாள். இந்த மருந்துக்கு வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அவளைத் திருப்பி அனுப்பினேன்.