குட்டையான வரி

“இந்த ஒரு வரி மட்டும் ஏன்டி குட்டையா இருக்கு?”

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் முன்சீட்டுப் பெண் கேட்டதும் எட்டிப் பார்த்தேன். அவளும் தோழியும் இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். தோழியின் மடியில் லேப்டாப், அதில் கமாண்டு அடிக்கும் டெர்மினலின் கருப்புத் திரையில் ஓர் அட்டவணை: ஒரே தடவையில் செய்த ஒவ்வொரு லாட்டு பேண்டேஜுக்கும் ஒரு வரி.

“பன்னெண்டாம் லாட்டு. கடைசிக் கட்டம் காலியா இருக்கு.”

“அசல் பைலத் தொற. ரெண்டு கமா ஒட்டி இருக்குல்லா? கிருமி சாக ஆவியில வைக்காத லாட்டுக்கு நாமதான தேதி போடாம வெறுசா விடுவோம்.”

“ஆமா.”

“இந்தக் கமாண்டு ரெண்டையும் ஒரே கமாவா எடுத்துக்கிட்டு, அடுத்த கட்டத்துப் பேக்கிங் தேதிய இங்க இழுத்துருச்சு.”

“அப்ப ஆவியில வச்ச தேதின்னு நான் காலையில வாசிச்சது?”

“பேக்கிங் தேதி.”

முன்சீட்டுப் பெண் உடனே போனை எடுத்தாள். “அண்ணே, பன்னெண்டாம் லாட்ட ஆஸ்பத்திரி வண்டியில ஏத்தாதீய. ஏத்தியாச்சா? அப்ப எறக்கிருங்க. அது இன்னும் ஆவியில வைக்கல.”

தோழி இரண்டு கமாக்களுக்கும் நடுவில் ‘இல்லை’ என்று அடித்து, அட்டவணையை மறுபடி வரவழைத்தாள். அந்த வரி மற்ற வரிகளின் நீளத்துக்கு வந்து நின்றது.