ஷேக்கின் கைநாட்டு

– கைநாட்டு மட்டும் வைக்க மாட்டேன் தாயி. தாடி ஒட்டணும்னீக, ஒட்டிக்கிட்டேன். இந்த வெயில்ல இம்புட்டுத் துணியைச் சுத்துனீக, வாயத் தொறக்காம நின்னேன். கைநாட்டுன்னா வேற ஆளப் பாருங்க.

– ஐயா, இது சினிமாப் பத்திரம். காலையில எங்க ஆளுங்க டீத்தண்ணியில நனைச்சுக் காய வச்ச பேப்பர். இதுல நீங்க எதை வச்சாலும் செல்லாது.

– செல்லாததுக்கு எதுக்கு வைக்கச் சொல்றீக?

– கதையில ஷேக் தன்னோட கடற்கரையை பிரெஞ்சு வியாபாரிங்களுக்கு எழுதிக் குடுக்கறார். நீங்கதானே ஷேக்? நீங்க வைக்காம வேற யார் வைப்பாங்க?

– எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும். எட்டாப்பு படிச்சவன். மருதுபாண்டின்னு முழுசாப் போடுவேன். அப்புறம் கட்டைவிரலை எதுக்குக் கேக்குறீக? அதுதான் எனக்குத் தெளியல.

– விரல் மையோட பேப்பர்ல அழுந்துறதைக் கிட்டத்துல காட்டணும்னு டைரக்டருக்கு ஆசை. அவ்வளவுதான்.

– டைரக்டருக்கு ஆசையா, வேற எவனுக்கும் ஆசையா?

– யாரைச் சொல்றீங்க?

– அந்தா, குடைக்குக் கீழ துருக்கித் தொப்பியை மாட்டிக்கிட்டு மோர் குடிக்கிறானே, கருத்தையா. அவன் யாருன்னு தெரியுமா?

– உங்க தம்பி முறைன்னு சொன்னார். இந்த வேஷத்துக்கு உங்களைக் கூப்பிடச் சொன்னதே அவர்தான். ‘ஷேக்குன்னா எங்க அண்ணன் முகந்தான் சார்’னு டைரக்டர்கிட்டச் சொன்னார்.

– அதான பாத்தேன்! எம் மக கல்யாணத்துக்கு வராதவன். எதுக்க வந்தா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போறவன். அவனுக்கு நான் திடீர்னு அண்ணன். எங்குட்டோ இடிக்குதுல்ல தாயி?

– உங்களுக்குள்ள என்ன தகராறு?

– இந்தப் பொட்டல்தான். யாருகிட்ட இடம் பேசுனீக?

– அவர்கிட்டதான்.

– பாத்தீகளா? எங்கப்பாவும் அவுகப்பாவும் கூடப்பொறந்தவுக. கிழக்க எங்களுக்கு, மேற்க அவுகளுக்குன்னு வாய்ப்பேச்சுலயே பிரிச்சுக்கிட்டாக. எழுத்துல ஒண்ணும் இல்ல. நான் புளியமரம் வரைக்கும் எனக்குங்கேன், அவன் ஓடை வரைக்கும் அவனுக்குங்கான். ஒரு கோடையில போர் போட மிசினைக் கொண்டாந்து நடுவுல நிறுத்துனான். நான் மறிச்சேன். அன்னையோட பேச்சு முடிஞ்சுச்சு.

– போர் போட்டாரா?

– எனக்குத் தெரியாம போட்டுப் பாத்தான். புழுதிதான் வந்துச்சு.

– இவ்வளவு சந்தேகம் இருந்தும் நடிக்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?

– நடிக்கவா வந்தேன்? காவலுக்கு வந்தேன். உங்க லாரி எங்குட்டு நிக்குது, எவன் எங்க குழி தோண்டுறான்னு பக்கத்துல இருந்தாத்தான தெரியும்? கடலு கடலுங்கிறீக, ஒரு சொட்டுத் தண்ணியக் காணோம். ஒரு பச்சைத் துணியை இழுத்துக் கட்டி இதான் செங்கடலுங்கிறீக. உங்களை எதை நம்பி நம்புறது?

– ஐயா, நானும் வேத்தூர்ப் பொண்ணு இல்ல. எங்க அப்பச்சிக்குக் கண்டனூர். எம் பேரு சௌபர்ணிகா.

– செட்டியார் வீட்டு ஆச்சியா? அதை முன்னாடியே சொல்லக் கூடாதா? அப்ப பங்குன்னா என்னன்னு உங்களுக்கே தெரியுமே.

– நல்லாத் தெரியும். எங்க வீட்டுல ஒரு ஓடு மாத்தணும்னா சிங்கப்பூர்ல இருக்கிற பங்காளிக்கும் போன் போட்டுச் சம்மதம் கேக்கணும்.

– அப்படிப்பட்ட வீட்டுப் புள்ள, என்கிட்டப் போயிக் கைநாட்டைக் கேக்கலாமா ஆச்சி? சரி, கதையை முழுசாச் சொல்லுங்க. அந்த ஷேக்கு எதுக்கு வித்தான்?

– அது அரபு நாட்டோட தென்மேற்கு மூலை. செங்கடலுக்குள்ள நுழையிற வாசல். அந்த இடத்துக்கு ஷேக் சையதுன்னு பேரு.

– இடத்துக்கே ஆள் பேரா?

– ஆமா. சூயஸ் கால்வாயைத் திறக்கப் போற சமயம். திறந்துட்டா ஐரோப்பாவுல இருந்து இந்தியாவுக்கு வர்ற கப்பலெல்லாம் அந்த வாசல் வழியாத்தான் வந்தாகணும். எதிர்த்தாப்புல பெரிம்னு ஒரு சின்னத் தீவு. அதை இங்கிலீஷ்காரங்க முன்னாடியே பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. அதனால பிரெஞ்சு வியாபாரிங்க இந்தப் பக்கத்துக் கரையை அங்க இருந்த ஷேக்கிட்ட விலை பேசினாங்க.

– அவனுக்கு அது சொந்தமா?

– அவர் சொந்தம்னார். துருக்கி சுல்தான், அது என் பூமி, அதை விக்க இவன் யாருன்னார்.

– ஓகோ. துருக்கிக்காரன் வேசம் கருத்தையாவுக்கு, வித்துட்டுப் போற ஷேக்கு வேசம் எனக்கு. நல்லாத்தான் பங்கு வச்சிருக்கீக.

– ஐயா, அது தற்செயலா அமைஞ்சது.

– தற்செயலு! எங்க ஊர்ல மாடுகூடத் தற்செயலா அடுத்தவன் கொல்லையில மேயாது. இங்கிலீஷ்காரன் என்ன செஞ்சான்?

– தீவுல உக்காந்து தூரக்கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தான்.

– அவனைத்தான் நம்பக் கூடாது. சத்தம் போடுறவனைச் சமாளிச்சுறலாம் ஆச்சி. சும்மா பாத்துக்கிட்டே இருக்கான் பாருங்க, அவன்தான் ஆபத்து. கடைசியில யாருக்குக் கிடைச்சுச்சு?

– பிரெஞ்சுக்காரங்க கொட்டகை போட்டுக் கொஞ்ச நாள் தங்கினாங்க. வெயில் தாங்கல, துருக்கிப் படை வேற பக்கத்துல வந்துச்சு. கிளம்பிட்டாங்க. ஆனா அப்புறமும் ரொம்ப வருஷம் அது எங்களதுதான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

– ஷேக்கு என்ன ஆனான்?

– நான் படிச்சதுல அவரைப் பத்தி அவ்வளவா இல்ல. எங்க படத்துல கொஞ்சம் கற்பனை கலந்திருக்கோம்.

– அதான் நடக்கும். வாங்கினவனை எழுதுவான், மறிச்சவனை எழுதுவான். வித்தவனை எவன் எழுதுவான்?

– ஐயா, வெளிச்சம் போயிடும். ஒண்ணு செய்யறேன். ஷாட் முடிஞ்சதும் உங்க கண்ணு முன்னாடியே பேப்பரைக் கிழிச்சு உங்க கையிலயே குடுத்துடறேன். சரியா?

– காகிதம் கிழிஞ்சிரும். படம் பிடிச்சு வச்சிருப்பீகளே? என் ரேகை அப்படியே பெரிசாத் தெரியுமே?

– ஐயோ... சரி, விரலுக்கு வேற ஆளை வச்சுக்கறோம். உங்க முகம் மட்டும் போதும். இப்பத் திருப்தியா?

– வேற ஆளுன்னா, கருத்தையா விரலு இல்லையே?

– இல்ல! லைட் பிடிக்கிற தம்பியோட விரல்.

– ம்... அப்பச் சரி. இன்னொரு விசயம். புளியமரத்துக்கு அங்குட்டு முள்ளுக்குள்ள கல்லு ஊண்டி வச்சிருக்கீகளே, அது எப்ப எடுப்பீக?

– கல்லா? என்ன கல்லு?

– செவப்புப் பெயிண்டு அடிச்ச கல்லு. தாடி ஒட்டுன கையோட ஒண்ணுக்குப் போனேன், அப்பப் பாத்தேன். வரிசையா ஓடை வரைக்கும் போகுது.

– நாங்க கல்லே ஊன்றல ஐயா. கேமராவுக்கு அடையாளம் வேணும்னா சுண்ணாம்புப் பொடிதான் போடுவோம்.

– சத்தியமா உங்களது இல்லையா?

– அப்பச்சி மேல சத்தியமா இல்ல.

– என் பக்கத்தையும் அவன் பக்கத்தையும் சேத்து வளைச்சு ஊண்டியிருக்கு ஆச்சி. மொத்தப் பொட்டலையும்! என்னை இங்க வேசங்கட்டி நிறுத்தி வச்சுட்டு, பின்னால அளந்து முடிச்சுட்டான். கூப்பிடுங்க அவனை!

– ஐயா, பதட்டப்படாதீங்க.

– கூப்பிடுங்கங்கேன்!

– கருத்தையா சார், கொஞ்சம் இங்க வர்றீங்களா?

– வந்துட்டேன் ஆச்சி. ஷாட்டு தயாரா? அண்ணன் இந்தத் துணியில ராசா கணக்கா இருக்காக.

– ஆச்சி, அந்தக் கல்லை எவன் ஊண்டுனான்னு அவன்கிட்டக் கேளுங்க.

– பக்கத்துலதானே நிக்கறார், நீங்களே கேளுங்களேன்.

– நான் அவனோட பேசுறதில்ல. நீங்க கேளுங்க.

– கருத்தையா சார், அந்தச் சிவப்புக் கல்லை ஊன்றினது யாருன்னு கேக்கறார்.

– பாத்துட்டாகளா? அப்பாடா! எங்க பாக்காமலே போயிருவாகளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்னு சொல்லுங்க ஆச்சி.

– அப்பாடாவா? களவாணிப் பயலே, என் எல்லைக்குள்ள கல்லை ஊண்டிப்புட்டு அப்பாடாங்கிறியா?

– அண்ணே, பேசிட்டீக! அது போதும். பைய கேளுங்க. நீங்க அந்தக் கல்லைக் கண்ணால பாக்கணும்னுதான் இம்புட்டும் செஞ்சேன்.

– எம்புட்டும்?

– இந்த வேசம், உங்களைக் கூப்பிடச் சொன்னது, எல்லாம். உங்க வீட்டு வாசல்ல வந்து சொன்னாக் கதவைச் சாத்துவீக. நம்ம ஊரு மாயக்கண்ணனை விட்டுச் சொல்லச் சொன்னேன். என் பேரைச் சொன்னதும் அவனை வைஞ்சு வெரட்டிட்டீக. படக்காரவுக இடம் தேடி வந்தப்பத்தான் இந்த ரோசனை வந்துச்சு. பொட்டலுக்குக் காவல் காக்கவாச்சும் வருவீகன்னு தெரியும்.

– நீயே ஊண்டி, நீயே எனக்குக் காட்டுறியாக்கும்? யாருக்குடா காது குத்துற?

– நான் ஊண்டலண்ணே. ரிசார்ட்டு கட்ட மெட்ராஸ்ல இருந்து ஒரு பார்ட்டி வந்துச்சு. பொட்டல் மொத்தமும் வேணும்னாக. முதல்ல என்கிட்டத்தான் வந்தாக. எங்க அண்ணனைக் கேக்காம ஒரு பிடி மண்ணு தர மாட்டேன்னு அனுப்பிட்டேன்.

– எங்க அண்ணன்னா சொன்ன?

– பின்ன, எங்க எதிரின்னா சொல்வாக? வம்பு நமக்குள்ள. வெளியாளுகிட்ட அதை எதுக்குப் பேசணும்?

– ஐயா, நீங்க முதல்ல இந்த நாற்காலியில உக்காருங்க. முகமெல்லாம் வேர்க்குது. தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா?

– வேணாம் ஆச்சி. இவன் பேச்சு தேனாத்தான் இருக்கு, ஆனா கணக்கு உதைக்குது. டேய், நீ முடியாதுன்னுட்ட. என்கிட்ட எவனும் வரவே இல்ல. ரெண்டு பேரும் ஒத்துக்காம, எவனாச்சும் தைரியமா வந்து அளந்து கல்லு ஊண்டுவானா?

– ஊண்ட மாட்டான்ணே. நம்ம ஆளு ஒருத்தர் கூட இருந்தாத்தான் ஊண்டுவான்.

– எப்ப அளந்தாக?

– நீங்களும் மதினியும் அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்த அன்னைக்கு. அந்தப் பக்கமா ஆடு மேச்சுக்கிட்டிருந்த சொக்குதான் ஓடியாந்து சொன்னான். நான் போயி நேர்ல பாத்தேன்.

– நேர்ல பாத்தியா? பாத்துட்டு மறிக்காமயா வந்த? என்கிட்டன்னா மட்டும் வம்புக்கு நிக்கத் தெரியும்!

– மறிக்கப் போனேன். முடியல.

– ஏன், வாயில கொழுக்கட்டையா? யாருடா கூட்டியாந்தது? தலையாரியா?

– இல்லண்ணே.

– உன் மச்சினனா?

– அவன் இல்ல. ஆச்சி, நீங்க கொஞ்சம் அங்குட்டுப் போங்களேன். நானும் அண்ணனும் தனியா...

– ஆச்சி இங்கயே நிக்கட்டும். எனக்குச் சாட்சி வேணும். உன்னோட தனியாப் பேச நான் தயாரா இல்ல. பேரைச் சொல்லு.

– சார், சொல்லிடுங்க. அவர் தாங்கிக்குவார்.

– பேரு எதுக்குண்ணே? ரெண்டு பேரும் சேந்து போவோம், கல்லைப் பிடுங்கி ஓடையில எறிவோம். எல்லை எங்குட்டோ ஓடிட்டுப் போகுது. புளியமரம் உங்களுக்கே இருக்கட்டும். பேரை மட்டும் கேக்காதீக.

– புளியமரத்தையும் விட்டுக் குடுக்குறியா? அம்புட்டு எளக்காரமாப் போயிட்டேனா நான்? உன் தயவு எனக்கு எதுக்குடா? ஞாயித்துக்கிழமை எம் மகன் முத்தரசு திருப்பூர்ல இருந்து வர்றான். அவன் கையாலயே அம்புட்டுக் கல்லையும் உருவி, ஊண்டுனவன் வாசல்ல கொண்டு போயிப் போடச் சொல்றேன். பாக்குறியா?

– அண்ணே... அன்னைக்கு டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே முத்தரசுதாண்ணே.